வங்காலைக் கரையில் ஊசிவால் தாரா

வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் எமது வடபகுதிக் கடலேரிகளுக்கு விருந்தினர் வந்து சேர்வது வழக்கம். நாம் அவர்களை அழைப்பதுமில்லை, வந்தபின் வரவேற்பதுமில்லை. பஸ் வண்டியிலே தாம்போதியைக் கடந்து செல்லும்போது, நீர்ப்பரப்பிற் கரும்புள்ளிகளாகத் தோன்றும் அவர்களைச் சாளரத்தினூடே கண்டு, "ஏதோ நீர்ப்பறவைகள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அந்தப் புள்ளிகளுள் ஒன்று சைபீரியாவின் சதுப்பு வெளியிலே முட்டையுடைத்துப் பிறந்து, ஆயிரக்கணக்கான மைல் வானிற் பறந்து வந்த உயிர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்ற தை மாத விடுமுறையில் அக்குறையைத் தீர்த்துக்கொள்ள எண்ணினோம். எட்டாம் வகுப்பிற் கற்கும் எம் மகனுக்குப் பாடசாலையில் "இடம்பெயரும் பறவைகள்" பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதுவதிலும் கண்ணாற் கண்டு எழுதுவது நன்றன்றோ? ஆகவே, பத்து வயதான மகளையும் சேர்த்துக்கொண்டு, குடும்பமாக ஒரு வாடகை வானிலே யாழ்ப்பாணத்திலிருந்து பின்னிரவிற் புறப்பட்டோம். 2011 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு வழியாகச் செல்லும் வீதி அது. பனையும் பற்றைக் காடும் இருளில் நழுவிச் செல்ல, கிழக்கு வெளுக்கும் வேளையில் மன்னார்த் தாம்போதியின் பெருநிலப் பக்கத்தை அடைந்தோம்.

தாம்போதியின் தெற்கே விரிந்து கிடப்பதுதான் வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2008 ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இடம் இது. பரப்பு 4,839 ஹெக்டயர். காடு, மலை, நீர்வீழ்ச்சி என்று ஊர்காண வருவோர் விரும்பும் காட்சி எதுவும் இங்கே இல்லை. உவர்நிலம், தரவை, கண்டற் பற்றை, முழங்காலளவு நீர் தேங்கிய களப்பு, அதற்கப்பாற் கடல் இவ்வளவே. கோடையில் வந்து பார்ப்பவன் வெடித்த சேற்றையும் உப்புப் பொருக்கையும் கண்டு திரும்பிவிடுவான். ஆனால் மாரி மழை பொழிந்து, மேட்டு நிலத்து நன்னீர் வந்து உவர்நீரோடு கலந்ததும், அந்த வெறுநிலம் ஒரு பெரிய அன்னசாலையாகிவிடுகிறது. நீர்ப்பூண்டுகள் தழைக்கின்றன, புல்விதைகள் சேற்றிற் படிகின்றன, நத்தையும் புழுவும் பெருகுகின்றன. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளை இப்பரப்பு தாங்கவல்லது என்பர்.

கரையோரத்திலே ஒரு மீன்வாடி. அதன் முன்னே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டதும் எழுந்து வந்தார். வந்த காரியத்தைச் சொன்னோம். அவர் சிரித்தார். "தாரா பாக்கவோ வந்தனீங்கள்? நல்ல நேரம்தான். ராத்திரி முழுக்க மேய்ஞ்சுபோட்டு இப்பதான் வந்து இறங்குதுகள். கதையாமல் என்ரை பின்னாலை வாருங்கோ" என்று சொல்லி, ஒரு கண்டற் பற்றையின் மறைவுக்கு எம்மை அழைத்துச் சென்றார்.

அங்கிருந்து கண்ட காட்சியை எளிதில் மறத்தல் இயலாது. தொலைவிலே பூநாரைகள் இளஞ்சிவப்பு வரிசையாக நின்றன. அவற்றுக்கு இப்பால், நூற்றுக்கணக்கான தாராக்கள் காற்றுக்கு முகங்கொடுத்து மிதந்தன. நெற்றியில் மஞ்சள் நாமம் இட்டாற்போன்ற நாமத்தலைத் தாராக்களும், கண்ணுக்கு மேலே வெண்கோடு தீட்டிய சிறிய நீலச்சிறகிகளும் அவற்றுள் இருந்தன. ஆயினும், கூட்டத்தின் நடுவே நிமிர்ந்த கழுத்தோடு விளங்கிய ஒரு சாதிப் பறவையையே எம் கண்கள் நாடின. அதுவே நாம் தேடிவந்த ஊசிவால் தாரா.

தாரா என்றதும் வீட்டு முற்றத்திலே தள்ளாடி நடக்கும் பருத்த பறவையை நினைத்தல் வேண்டாம். ஊசிவால் தாரா மெலிந்த உடலும் நீண்ட கழுத்தும் உடையது. ஆணின் தலை முதிர்ந்த கபில நிறம்; கழுத்தின் முன்புறமும் மார்பும் தூய வெண்மை. அந்த வெண்மையினின்றும் ஒரு கோடு கிளம்பிக் கழுத்தின் இருபக்கமும் மேலேறித் தலையின் பின்புறத்தில் ஒடுங்குகிறது. முதுகும் விலாவும் நுண்ணிய வரிகள் ஓடிய சாம்பல் நிறம். அலகு நீலச் சாம்பல். அதன் நடுவே கருங்கோடு. வாலின் நடுவிலுள்ள இரு கரிய இறகுகள் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஊசிபோல் நீண்டு நிற்பதாலேயே இதற்கு இப்பெயர் வந்தது. 1758 ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய அனாஸ் அக்கியூற்றா என்னும் இலத்தீன் பெயருக்கும் "கூரிய தாரா" என்பதே பொருள்.

"பெண் பறவை எது, அப்பா?" என்று மகள் கேட்டாள். ஆணின் அருகே மிதந்த ஒன்றைக் காட்டினோம். உலர்ந்த புல்லின் நிறத்தில், கபிலப் புள்ளிகளும் செதில்போன்ற வரிகளும் உடைய எளிய பறவை அது, வாலும் குறுகியது. மகளின் முகம் வாடிற்று. "இதிலே ஒரு வடிவும் இல்லையே!" என்றாள்.

பெண்ணின் எளிமைக்குக் காரணம் உண்டு. அது மரத்திலோ பொந்திலோ கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிலே, புல்லிடையே ஒரு சிறு பள்ளம் பறித்துத் தன் மார்பின் தூவியால் மெத்தையிட்டு முட்டையிடுகிறது. நரியும் காகமும் திரியும் அவ்வெளியில் 22 முதல் 24 நாள் வரை தனியாக இருந்து அடைகாக்கவேண்டும். புல்லோடு புல்லாக மறையும் நிறமே அதற்குக் கவசம். அழகிய ஆணோ அடைகாக்கும் காலத்திலேயே பிரிந்து போய்விடும். போனபின் அதன் அலங்காரமும் உதிர்ந்துவிடுகிறது. சிறகிறகுகள் யாவும் ஒருங்கே உதிர்வதால் சில வாரங்கள் பறக்கவும் இயலாது. அக்காலத்தில் ஆணும் பெண்ணைப் போலவே மங்கிய நிறத்தோடு நாணலுக்குள் ஒளிந்து வாழும். இதனை எடுத்துச் சொன்னதும் மகன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். மகள் மட்டும் அந்தப் பெண் பறவையை மறுமுறை உற்றுப் பார்த்தாள்.

சில தாராக்கள் இன்னும் இரை தேடிக்கொண்டிருந்தன. அவை முக்குளித்து மறைவதில்லை. தலைகீழாகக் கவிழ்ந்து, நீண்ட கழுத்தை அடிச்சேற்றுக்குள் விட்டு, வாலை வானுக்கு உயர்த்திக் கால்களால் துழாவி நிற்கின்றன. அவ்வேளையில் நீர்ப்பரப்பெங்கும் ஊசிகள் நட்டு வைத்தாற்போல் தோன்றும். பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தார்கள். சிரிப்புக்குரிய இச்செயலிலே ஓர் ஒழுங்கும் உண்டு. கழுத்து நீளமாகையால், குறுங்கழுத்துத் தாராக்களுக்கு எட்டாத ஆழத்திலே, ஏறக்குறைய ஓரடி வரை, இவை இரை எடுக்கின்றன. நாமத்தலைத் தாராவோ பெரும்பாலும் கரைப்புல்லைக் கொய்து தின்னும். ஒரே குளத்தில் ஒன்றன் வாய்ச்சோற்றை மற்றொன்று பறியாமல் வாழும் வழியைப் பறவைகள் கண்டுகொண்டிருக்கின்றன.

வெயில் ஏறிற்று. திரும்ப நடக்கையிலேதான் மகள் திடீரென நின்றாள். கரையோரத்து முள்ளுப் பற்றையில், யாரோ கைவிட்ட நைலோன் வலைத் துண்டு ஒன்று பாதி நீரிலும் பாதி சேற்றிலுமாகக் கிடந்தது. அதற்குள் ஏதோ அசைந்தது. நெருங்கிப் பார்த்தோம். அது ஒரு பெண் ஊசிவால் தாரா. ஒரு சிறகும் கழுத்தும் வலைக்கண்ணுக்குள் அகப்பட்டிருந்தன. எம்மைக் கண்டதும் ஒருமுறை கரகரத்த குரலெழுப்பிப் புடைத்தது. பின் களைத்துச் சோர்ந்து கிடந்தது.

முதியவர் எம்மை விலகி நிற்கச் சொன்னார். தோளிற் கிடந்த துவாயை எடுத்துப் பறவையின் தலையை மெல்ல மூடினார். கண் மறைந்ததும் அதன் துடிப்பு அடங்கிற்று. பின், மடியிலிருந்த சிறு கத்தியால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். அந்தக் கைகளின் பதனத்தைக் கண்டு நாம் வியந்தோம். சிறகை விரித்துப் பார்த்து, "எலும்பு முறியேல்லை, தோல் மட்டும் கொஞ்சம் உரிஞ்சிருக்கு" என்றார்.

"அப்பு, நாங்கள் இதை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கட்டுமா? கிணற்றடியிலே தொட்டி இருக்கிறது" என்று மகள் கெஞ்சினாள். அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன. அவளுக்கு மறுமொழி சொல்ல நாம் வாயெடுக்குமுன் முதியவர் சொன்னார்: "இது எங்கடை தாரா இல்லை, பிள்ளை. இதுக்குப் பங்குனி சித்திரையிலை பெரிய பயணம் ஒண்டு கிடக்கு. இப்ப விட்டாலும் பருந்து அடிச்சுப்போடும். பொழுதுபட மற்றதுகள் இரைக்கு எழும்பேக்கை விடுவம்."

மீன் பறி ஒன்றில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பிப் பறவையை உள்ளே வைத்து, துவாயால் மூடி, வாடியின் நிழலில் வைத்தார். மாலை வரை பொழுது இருந்தது. நாம் முன்பே எண்ணியபடி திருக்கேதீச்சரம் சென்று, பாலாவித் தீர்த்தத்திற் கால் நனைத்து வழிபட்டோம். பழைய மாதோட்டத் துறைமுகம் இருந்த நிலம் அது. பல நாட்டு வணிகரும் வந்து போன இடம். ஆயினும் பிள்ளைகளின் எண்ணமெல்லாம் அந்தப் பறியிலேயே இருந்தது. இருட்டுமுன் பூநகரியைக் கடந்துவிட வேண்டும் என்று வான் சாரதி முணுமுணுத்தார். அவரைச் சமாதானப்படுத்தி, நாலு மணிக்கெல்லாம் வங்காலைக் கரைக்கு மீண்டோம்.

வாடி நிழலில் இருந்தபடி மகன் தேசப்படத்தை விரித்தான். ஊசிவால் தாரா ஐரோப்பாவின் வடபகுதியிலும், ரஷ்யாவின் வடபரப்பிலும், அலாஸ்கா, கனடா முதலிய இடங்களிலும் இனம்பெருக்குவது. தென்னாசியாவுக்கு வருபவை பெரும்பாலும் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் பிறந்தவை. அங்கே கோடையிற் சூரியன் மறையாத நாட்களும் உண்டு. பூச்சி புழுக்கள் மலிந்து கிடக்கும். ஒரு பேட்டில் ஏழு முதல் ஒன்பது முட்டைகள். பொரித்த குஞ்சுகள் அன்றே தாயின் பின்னே நீரை நோக்கி நடக்கின்றன. சிலவேளை அந்நடை ஒரு கிலோமீற்றருக்கும் மேலாகும். ஏறக்குறைய ஆறு வாரங்களிற் பறக்கக் கற்றுவிடும். குளங்கள் உறையத் தொடங்கியதும் கூட்டமாகத் தெற்கே புறப்படும். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் எமது கரையை அடைந்து, சோளகக்காற்று எழுமுன் திரும்பிவிடும். எவரெஸ்ற் சிகரத்தை அடுத்த பனிக்கட்டியாற்றிலே, சுமார் 5,000 மீற்றர் உயரத்தில், ஓர் ஊசிவால் தாராவின் எலும்புக்கூட்டை மலையிற் சென்றோர் கண்டிருக்கின்றனர். மனிதர் மூச்சுத் திணறும் அவ்வுயரத்தையும் இப்பறவை பயணத்தில் எதிர்கொள்கிறது.

"அது வடக்கே போவது எப்படித் தெரிந்தது?" என்று மகன் கேட்டான். இந்தியாவில் ஆராய்ச்சியாளர் காட்டுத் தாராக்களைப் பிடித்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் இட்டுப் பறக்கவிட்டனர். அவ்வளையங்கள் பின்னர் சைபீரியாவிலே கிடைத்தன. அதனாற் பாதை தெளிவாயிற்று. ஆயினும் எம் முன்னோர் வளையமின்றியே இதனை உணர்ந்திருந்தனர். புறநானூற்றின் 67 ஆம் பாடலிலே, குமரித்துறையில் மீனருந்தி வடமலைக்குத் திரும்பும் அன்னச் சேவலை அழைத்து, வழியில் உறையூரிற் கோப்பெருஞ்சோழனிடம் தன் பெயரைச் சொல்லுமாறு பிசிராந்தையார் வேண்டுகிறார். பறவை தெற்கே வந்து மேய்வதையும் வடக்கே மீள்வதையும் கண்ணால் அளந்தவனே அப்படிப் பாடமுடியும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த முதியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு தாழ்ந்த குரலிற் சொன்னார்: "தம்பி, நானும் உதுகளைப் பிடிச்சவன்தான். சின்ன வயதிலை அப்பரோடை ராவிலை வலை கட்டுவம். துவக்குக்காரரும் வருவினம். ஒரு இரவிலை சாக்கு நிறையக் கொண்டுபோன நாளும் உண்டு. பிறகு சண்டைக் காலம் வந்தது. ஊரை விட்டு ஓடினம். முகாமிலை இருந்தம், காட்டுக்குள்ளை இருந்தம். எல்லாம் முடிஞ்சு இஞ்சை திரும்பி வந்த வருசம் மார்கழியிலை வந்து பாக்கிறன், வீடு இல்லை, தோணி இல்லை, தாரா மட்டும் அதே இடத்திலை நிக்குது. அண்டைக்குத்தான் விட்டனான்."

நாம் எதுவும் சொல்லவில்லை. எமக்கும் ஒரு நினைவு எழுந்தது. எம் சிறுவயதிலே, உறவினர் ஒருவர் துவக்காற் சுட்டு வந்த ஊசிவால் தாரா ஒன்றை வீட்டு வாசலிற் கிடத்தியிருந்தார். அதன் வெண்மார்பில் ஒரு துளி இரத்தம். அன்று இரவு கறியிலே சன்னம் ஒன்று பல்லிற் கடிபட்டது. அதைத் துப்பிவிட்டு மீண்டும் உண்டோம். அதனை இதுவரை பிள்ளைகளிடம் சொன்னதில்லை, அன்று சொன்னோம். மகள் எம்மை நிமிர்ந்து பார்த்தாளேயன்றி ஒன்றும் கேட்கவில்லை.

துவக்கு சுட்ட பறவையோடு அதன் தீமை முடிவதுமில்லை. சேற்றில் விழுந்த ஈயச் சன்னங்களைத் தாராக்கள் இரையரைக்கும் கற்கள் என்றெண்ணி விழுங்கி, நஞ்சேறி இறக்கின்றன. அதனாலேயே அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டு முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் தடைசெய்யப்பட்டது. எமது நாட்டிலோ 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. சரணாலய எல்லைக்குள் பறவையைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். உலகளவில் ஊசிவால் தாரா இன்னும் இலட்சக்கணக்கில் உண்டு. அழிவின் விளிம்பில் அது இல்லை. ஆனால் தொகை குறைந்து வருகிறது. சதுப்புகள் வற்றுவதும், அது முட்டையிடும் தரைகள் உழப்படுவதும் பெருங்காரணங்கள். இங்கே எம் கைக்கெட்டிய காரணம் ஒன்றை அன்று கண்ணாற் கண்டோம்: பழுதான வலையைக் கரையில் எறிந்துவிட்டுப் போகும் பழக்கம். நூல்வலை உக்கிவிடும், நைலோன் வலை எளிதில் உக்குவதில்லை. எறிந்தவன் மறந்த பின்னும் அது பிடித்துக்கொண்டே இருக்கிறது. மகனும் முதியவரும் கரை வழியே நடந்து அத்தகைய துண்டுகளைப் பொறுக்கினர். ஒரு மணி நேரத்தில் உரச்சாக்கு ஒன்று நிறைந்துவிட்டது.

சூரியன் கடலிற் சாய்ந்தது. களப்பு நீர் செம்பு நிறமாயிற்று. பகல் முழுதும் உறங்கிய தாராக்கள் கழுத்தை நிமிர்த்தி அசையத் தொடங்கின. ஆண்களின் மெல்லிய சீழ்க்கையொலி காற்றில் வந்தது. முதலில் நாலு, பின் இருபது, பின் ஒரு பெருங்கூட்டம் என அவை எழுந்தன. தாராக்கள் நீரின்மேல் ஓடி எழுவதில்லை. நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாகத் துள்ளி வானேறிவிடுகின்றன. சிறகொலி எம் தலைக்கு மேலாகச் சென்று, உள்நாட்டுக் குளங்களும் வயல்களும் இருக்கும் கிழக்குத் திசையில் மறைந்தது.

முதியவர் பறியைத் தூக்கி முழங்காலளவு நீருக்குள் இறங்கினார். மகளையும் கூட வரச் சொன்னார். துவாயை விலக்கியதும் பறவை ஒரு கணம் அசையாதிருந்தது. "இனி நீ சொல்லு, பிள்ளை" என்றார் அவர். மகளுக்குக் குரல் வரவில்லை. கையால் மட்டும் மெல்லத் தண்ணீரைத் தட்டினாள். பறவை பறியினின்றும் நீரிற் சறுக்கி இறங்கியது. பத்து முழம் நீந்திற்று. சிறகை இருமுறை உதறிற்று. பறக்குமோ, பறக்காதோ என்று நாம் மூச்சடக்கி நின்றோம். அடுத்த கூட்டம் மேலே வந்தபோது அது எழுந்தது. ஒருபுறம் சற்றே சாய்ந்து, பின் நேராகி, கூட்டத்தின் கடைசியிலே சேர்ந்துகொண்டது. சிறிது நேரத்தில் எது நம் பறவை என்று பிரித்தறிய முடியவில்லை.

வானிலே திரும்பும்போது இருட்டிவிட்டது. சாரதி முணுமுணுக்கவில்லை, அவரும் கரையில் நின்று பார்த்தவரே. நெடுநேரம் மௌனமாயிருந்த மகள், "அது எவ்வளவு வடிவு, அப்பா!" என்றாள். காலையில் வடிவில்லை என்று அவள் சொன்ன அதே பறவை.

வாசகர்களே, அடுத்த முறை தாம்போதியைக் கடக்கையிற் சாளரத்தினூடே அந்தக் கரும்புள்ளிகளைக் காணின், ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மார்கழி, தை, மாசி மாதங்களின் அதிகாலையே ஏற்ற பொழுது. கரையில் ஒரு வலைத்துண்டு கிடந்தால், அதை எடுத்து வருவதற்கு ஒரு பையும் கொண்டு செல்லுங்கள். எம் வீட்டிலே சித்திரை மாதம் பிறந்தபோது, "இப்பொழுது அது எவ்விடத்திற் பறந்துகொண்டிருக்கும்?" என்று மகள் தேசப்படத்தை விரித்தாள். மன்னாரில் வைத்த விரல் மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்தது.